இராமாநுஜன் கடல் கடந்த காலம்

மேனாட்டுச் சர்வகலாசாலைகளிற் சென்று மேற்படிப்புப் பயிலுதல் நம் மாணவர்க்கு இன்று கனவிலும் எட்டாத செயலன்று. தென்காசியை அடுத்த எம் அச்சன்புதூர் போன்ற ஊர்களிலும், குற்றாலத்துச் சாரற் காலத்தில் ஊர் வந்த இளைஞர் இருவர் கூடினால், செல்வதா என்பதினும் எப்பொழுது விண்ணப்பிப்பது என்பதே பேச்சாக இருக்கக் காண்கிறோம். பட்டம் பெற்ற உடனே விண்ணப்பித்தல் நன்றா, ஈண்டே இரண்டோர் ஆண்டு உழைத்துச் சிறிது பெயர் பெற்ற பின் விண்ணப்பித்தல் நன்றா, பெற்றோர் மனம் ஒப்பும் வரை பொறுத்திருத்தல் நன்றா என்று ஆளுக்கொரு நியாயம் கூறுவர். இதற்குப் பொதுவிதி வகுக்க எவராலும் இயலாது. ஆயின், இவ்வினாவின் இருபுறத்தையும் தம் வாழ்விலேயே கண்டவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் தோன்றியிருந்தார். அழைப்பு வந்த ஆண்டில் மறுத்து, அடுத்த ஆண்டில் இசைந்து கப்பலேறினார் அவர். கணித மேதை சீனிவாச இராமாநுஜனே அவர் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ? அவர் சரித்திரம் முழுவதையும் வரையப் புகுந்தோமல்லோம். தமிழ் பயிலும் எமக்குக் கணிதத்தில் உள்ள பழக்கம் அதற்குப் போதாது. அவர் கடல் கடக்கத் துணிந்த வரலாற்றையே சற்று விரித்துரைக்கலாமென்று எண்ணுகிறோம்.

இராமாநுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுபவர்; நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அளவிறந்த பக்தி பூண்டவர். பள்ளியில் இராமாநுஜன் பல பரிசுகள் பெற்றார். 1904 இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். இங்கேதான் வினை விளைந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அதற்குச் சற்று முன்னர் அவர் கைக்கு எட்டியிருந்தது. பரீட்சைக்குப் படிப்போர்க்கு உதவியாக ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தக்க நிரூபணமின்றி வரிசையாக அடுக்கிய நூல் அது. ஏனையோர்க்கு அது வெறும் பட்டியல். இராமாநுஜனுக்கோ அவ்வொவ்வொன்றும் தாமே விடுவிக்க வேண்டிய ஒரு புதிர். அப்புதிர்களிலேயே மூழ்கியவர் ஆங்கிலத்தையும் பிறவற்றையும் மறந்தார். உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்து எப். ஏ. பரீட்சை எழுதினார், தேறவில்லை. மறு ஆண்டும் எழுதினார், அதிலும் தேறவில்லை. கணிதத்தில் ஒப்பற்றவரான அவரை வீழ்த்தியவற்றுள் உடற்கூற்று நூலும் ஒன்று.

பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் பட்டமும் இன்றி, பதவியும் இன்றி, இரண்டு பெரிய குறிப்புப் புத்தகங்களில் தம் கண்டுபிடிப்புக்களை எழுதிக்கொண்டிருந்தார். 1909 இல் திருமணமாயிற்று. மணமகள் ஜானகி அப்பொழுது சிறுமி. அக்காலத்தில் ஒருமுறை நோயுற்று நண்பர் வீட்டில் தங்கியவர் ஊர் திரும்பும்பொழுது, தாம் இறந்துபட்டால் தம் புத்தகங்களைப் பச்சையப்பன் கலாசாலை ஆசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமேனும், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை ஆசிரியர் எட்வர்டு ராஸிடமேனும் சேர்ப்பிக்குமாறு அந்நண்பரை வேண்டிக்கொண்டாராம். மிஷன் கலாசாலையிற் பயிலும் நமக்கு இச்செய்தி தனிப்பட்ட உவகை தருவது. தம் உழைப்பின் அருமையை அறியக்கூடியவர் இன்னார் என்று அவ்விளைஞர் அப்பொழுதே தெரிந்து வைத்திருந்தார். அவரிடத்தே துணிந்து சென்று வாயில் தட்டும் துணிவுதான் அவருக்கு இன்னும் வரவில்லை.

அத்துணிவை வறுமையே கொடுத்தது என்னலாம். 1910 இல் திருக்கோவலூர் சென்று, இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். அவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிய இராமசாமி ஐயர், தாலுகா ஆபீஸில் ஒரு மூலையிற் கிடக்கத் தக்கவரல்லர் இவர் என்று கண்டு, சென்னை அறிஞர்க்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அதன் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தம் கையினின்றே உதவினார். 1911 இல் அக்கணித சங்கத்தின் பத்திரிகையில் இராமாநுஜனது முதற் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சு முதல் அவர் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. அவ்வாபீஸின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். மேலதிகாரியான நாராயண ஐயரோ கணிதம் வல்லவர். இருவரும் தம் குமாஸ்தாவின் தகுதியை உணர்ந்தவர்கள். ஒருவனுக்கு நல்ல காலம் எங்கே காத்திருக்கும் என்பதை யாரே அறிவார்!

இனி விண்ணப்பப் படலம். அதே ஆண்டு இறுதியில் சென்னை எஞ்சினீயரிங் கலாசாலை ஆசிரியர் கிரிபித் என்பவர், இராமாநுஜனுடைய கட்டுரைகளை லண்டனிலிருந்த தம் ஆசிரியர் ஹில் என்பவருக்கு அனுப்பினார். ஹில் பரிவோடுதான் விடையெழுதினார். இளைஞரிடம் கணிதச் சுவை உண்டென்றும், ஆனால் தருக்க முறையிற் பிழைகள் உள்ளனவென்றும், இன்ன நூலைக் கற்கலாமென்றும் அவ்விடை கூறிற்று. ஊக்கமும் அன்று, மறுப்பும் அன்று. பின்னர் இராமாநுஜன் தாமே கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு எழுதத் தொடங்கினார். பேக்கர், ஹாப்ஸன் என்னும் பெரியார் இருவர்க்கு எழுதியும் பயன் விளையவில்லை என்பர். 1913 ஜனவரி 16 ஆம் நாள் மூன்றாமவராகிய ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி அப்பொழுது முப்பத்தைந்தே வயதினர். டிரினிடி கல்லூரியைச் சார்ந்தவர்.

அக்கடிதத்தின் அமைப்பை நம் மாணவர் ஊன்றி நோக்கல் வேண்டும். அதனை எழுதியவர்க்குப் பட்டமில்லை, காட்டத்தக்க மதிப்பெண்ணில்லை. ஆண்டுக்கு இருபது பவுன் ஊதியம் பெறும் குமாஸ்தா என்று தம்மைக் கூச்சமின்றி அறிமுகம் செய்துகொண்டு, அடுத்தே பல பக்கங்களில் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை நிரப்பிவிட்டார். தமக்கு ஏறத்தாழ 23 வயது என்றும் எழுதினார். உண்மையில் அவர்க்கு அன்று வயது 25. தவறிய ஆண்டுகளைக் கணக்கிற் சேர்க்க மனம் வரவில்லை போலும்! அவர் அனுப்பியவற்றுட் சில முன்னரே பிறர் கண்டவை; சில பிழையானவை; சிலவோ ஹார்டி அதற்குமுன் கண்டும் கேட்டும் அறியாதவை. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் இரவிற் கூடியிருந்து அத்தாள்களை ஆராய்ந்தனர். எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்லர், முதல் தரமான கணித அறிஞரே என்று தெளிந்தனர்.

ஹார்டியின் விடை பிப்ரவரி 8 ஆம் நாள் எழுதப்பட்டது. அதற்கு முன்னரே அவர் இராமாநுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைப்பிக்க லண்டன் இந்தியா ஆபீஸுக்கு எழுதிவிட்டார். அங்கிருந்து சென்னையில் மாணவர் ஆலோசனைக் குழுவின் காரியதரிசிக்குச் செய்தி வந்தது. அவர் இராமாநுஜனை அழைத்துக் கேட்டார். நாமெல்லாம் எந்த வினாவுக்காக ஏங்குகிறோமோ அவ்வினா! விடை, வர இயலாது என்பதே.

ஏன் மறுத்தார்? வைணவ அந்தண ஆசாரப்படி கடல் கடத்தல் குற்றம். கடந்தவர் சாதியினின்று நீக்கப்படுவர். சாவு, கலியாணம் முதலியவற்றில் உறவினர் வாயில் அவர்க்கு அடைபடும். தாயார் அணுவளவும் இசையவில்லை. எம்போன்ற கிறிஸ்தவக் குடும்பத்தார்க்கு இவ்வாசாரத் தடை இல்லாமையால், இதனை வெறும் மூடத்தனமென்று இகழ்ந்து கடந்து போவது எளிது. யாம் அங்ஙனம் கருதவில்லை. தாய் ஒருத்தியின் கண்ணீர் எந்தச் சமயத்திலும் கண்ணீரே. இஃதன்றி வேறோர் அச்சமும் இராமாநுஜனுக்கு இருந்தது: அங்கே சென்றால் மீண்டும் பரீட்சை எழுதச் சொல்வார்களோ என்பது. இரண்டு முறை அடிபட்டவர்க்கு அவ்வச்சம் இயல்பேயன்றோ?

மறுத்த ஆண்டு வீணாயிற்றா என்று கேட்டால், இல்லை என்பதே எமது துணிபு. வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியிற் சென்னை வந்தபொழுது இராமாநுஜனது எழுத்தைக் கண்டு, அவர்க்கு உதவுமாறு சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். பட்டதாரியல்லாத ஒருவர்க்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுப்பது அதுவரை இல்லாத வழக்கம். எனினும் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு அளிக்கத் தீர்மானமாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைக் குறித்து அறிக்கை கொடுத்தல் ஒன்றே அவர் கடமை. மே மாதம் முதல், தம் வாழ்நாளில் முதன்முறையாக, அரிசிக் கவலையின்றிக் கணிதம் செய்தார். ஹார்டியோடும் கடிதப் போக்குவரவு நடந்தது. ஆயின் அக்கடிதங்களே ஒரு குறையையும் காட்டின. ஹார்டி நிரூபணம் கேட்டார். இராமாநுஜன் கொடுக்கத் தயங்கினார். பகா எண்களைப் பற்றி அவர் எழுதியிருந்த முடிவு பிழையென்று தெரியவந்தது. கலப்பெண் சார்புகளைப் பற்றிய நவீன கணிதத்தை அவர் கற்றதில்லை. அதனால் வந்த பிழை அது. சென்னையில் அந்நூல்கள் கிடைக்கலாம். அருகிருந்து வாதாடித் திருத்துவோர்தாம் கிடைக்கவில்லை. கடிதம் ஒன்று சென்று விடை வர மாதக்கணக்காயிற்று. எண்பது வரிகளில் முடியும் வாதத்தை இரண்டு கடல்களுக்கு அப்பாலிருந்து எத்தனை நாள் நடத்துவது?

1914 ஜனவரியில் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்னும் இளம் ஆசிரியர் விரிவுரைகள் நிகழ்த்தச் சென்னை வந்தார். இராமாநுஜனை எவ்வாறேனும் அழைத்து வருமாறு ஹார்டி அவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். நயந்தும் வாதாடியும் பார்க்க ஆயத்தமாய் வந்த நெவில், இராமாநுஜன் தாமே இசைவு தெரிவிக்கக் கண்டு வியப்புற்றார். இடையில் நிகழ்ந்தது என்னை? முந்திய டிசம்பர் இறுதியில் இராமாநுஜன் நாராயண ஐயரோடு நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவு படுத்திருந்தாரென்றும், அங்கே அவர்க்கு உத்தரவு கிடைத்ததென்றும் கூறுவர். வெள்ளையர் நடுவே தம் மகன் வீற்றிருக்கக் கண்டதாகவும், மகன் வழியில் நிற்காதே என நாமகிரித் தாயார் கட்டளையிட்டதாகவும் கோமளத்தம்மாள் கனாக் கண்டார் என்ற வரலாறும் உண்டு. கனவின் உண்மையை ஆராய்தல் எம் வேலையன்று. விண்ணப்பத்திற் கையெழுத்திடுமுன் முழந்தாளிடும் வழக்கமுடைய நமக்கு, மூன்று இரவு கோயிற் கல்லிற் கிடந்த அவர் நிலை விளங்காமற் போகாது. தாயின் இசைவு இன்றிச் செல்வதில்லை என்று நின்றார்; இசைவு வந்தபின் ஒரு நாளும் தாமதித்தாரில்லை.

பின் எல்லாம் விரைந்து நடந்தன. பரீட்சை எழுத வேண்டுவதில்லை என்று நெவில் உறுதி கூறினார்; ஜனவரி 28 ஆம் நாள் சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். இராஜதானிக் கலாசாலை ஆசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் துணை நின்றார். ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் காரியதரிசிக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுக்கு உபகாரச் சம்பளமும், பிரயாணச் செலவும் கிடைத்தன. அதினின்று ஆண்டுக்கு 50 பவுன் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. டிரினிடி கல்லூரியும் பின்னர் 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. புறப்படுமுன் தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமி எடுத்ததையும் ஐரோப்பிய உடை பூண்டதையும் அவர்கள் காணாதிருக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். 1914 மார்ச்சு 17 ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கிற்று. ஓராண்டுக்கு மேல் கணக்கெழுதிய அத்துறைமுகத்திலிருந்தே அவர் கடலேறினார். ஏப்ரல் 14 ஆம் நாள் லண்டன் சேர்ந்தார். நெவில் அங்கே வந்து எதிர்கொண்டார்.

சேர்ந்து நான்கு மாதமாகவில்லை. ஆகஸ்டு 4 ஆம் நாள் இங்கிலாந்து ஜெர்மனியோடு போர் தொடங்கிற்று. லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார், கலாசாலைகள் வெறிச்சோடின. தம் கையாற் சமைத்து மரக்கறியே உண்ணும் ஒருவர்க்குக் காய்கனி அருகிய நாட்டில் வாழ்க்கை எங்ஙனம் இருந்திருக்கும்! அந்நிலையிலும் அவ்வைந்தாண்டில் விளைந்ததே உலகம் வியக்கும் விளைவு. 1915 இல் மிகு வகுத்திகள் உடைய எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அதனைக் கொண்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவர்க்கு ஆராய்ச்சி வழியாக பி. ஏ. பட்டம் அளித்தது. டாக்டர்ப் பட்டம் என இன்று பலரும் விழையும் பட்டம் அங்கே அப்பொழுது ஏற்படவில்லை. எப். ஏ. தேறாதவர் எந்தப் பரீட்சை மண்டபத்திலும் நுழையாமலே பட்டதாரியானார்.

ஹார்டியோடு கூடிச் செய்தவற்றுள் ஒன்றைக் கணிதம் அறியாதாரும் உணரலாம். நான்கு என்ற எண்ணை எத்தனை வகையாகக் கூட்டிப் பெறலாம்? நான்கு தானே ஒன்று, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள், ஆக ஐந்து வகை. இருநூறு என்ற எண்ணை எத்தனை வகையாகப் பிரிக்கலாம் என்றால் விடை 3,972,999,029,388. ஒவ்வொன்றாக எண்ணிக் காண ஒருவர் ஆயுள் போதுமா? எண்ணாமலே இவ்விடையைத் தரத்தக்க வாய்பாட்டை இருவரும் கண்டு 1918 இல் வெளியிட்டனர். மெக்மஹன் என்பவர் வேறு முறையாற் கணக்கிட்டுப் பெற்ற விடையும் இதனோடு ஒத்தது. இராமாநுஜனது உள்ளொளியும் ஹார்டியின் நிரூபண வன்மையும் ஓர் அறையில் ஒருங்கிருந்தாலன்றி இஃது பிறந்திராது. ஆதலின் அவர் சென்றது வேண்டாத செலவு என்பார் கூற்றை யாம் ஏற்கமாட்டோம்.

ஆனால் விலையும் சிறிதன்று. 1917 வசந்தத்தில் நோய் கண்டது. அதுமுதல் பெரும்பாலும் மருத்துவ விடுதிகளிலேயே அவர் காலம் கழிந்தது. 1918 இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ ஆனார். இந்தியருள் அக்கல்லூரியில் அப்பதவி பெற்றவர் அவரே முதல்வர். 1919 மார்ச்சில் நலிந்த உடலோடு தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார்.

சீமைக் குளிரே அவரைக் கொன்றது என்று நம்மவர் சொல்லி இரங்குவது வழக்கம். மருத்துவர் அன்று காசநோய் என்றே பெரும்பாலும் கருதினர். ஆனால் 1994 இல் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புக்களை ஆராய்ந்து, அமீபாவால் ஈரலில் உண்டாகும் நோயாகவே இருந்திருத்தல் கூடுமென்றும், இளமையிற் சென்னையில் வந்த சீதபேதியே அதற்கு வித்தாகலாமென்றும் எழுதினார். அவர் கருத்துச் சரியாயின், நோயைச் சீமை தரவில்லை. நம் ஊரிலிருந்தே அவர் உடன்கொண்டு சென்றார். போர்க்காலத்துத் தனிமையும் அரைவயிற்று உணவும் அதனை வளர்த்தன என்று மட்டும் சொல்லலாம்.

1913 இலேயே இசைந்திருந்தால் போருக்கு முன் ஓராண்டுக்கு மேல் அமைதியான நாட்கள் கிடைத்திருக்கும் என்று கணக்கிடுவோர் உண்டு. மெய்தான். ஆனால் மனம் ஒப்பாத தாயை விட்டு, பரீட்சையச்சம் நீங்காத நெஞ்சோடு சென்றிருந்தால் அவ்வோராண்டு எத்தகையதாக இருந்திருக்கும்? போர் வரும் என்பதை 1914 மார்ச்சில் நெவிலும் அறியார், கவர்னரும் அறியார். அறிய முடியாத ஒன்றை முன்வைத்து அவர் தாமதத்தைக் குறை கூறுதல் நியாயமன்று. எமக்கு நெஞ்சு பொறுக்காத தாமதம் வேறொன்று. பதினெட்டு வயது முதல் இருபத்துமூன்று வரை கழிந்த ஆண்டுகளே இராமாநுஜன் வாழ்வின் பெருந்துயரம், அவர் இளமையில் இறந்தது அத்துணைத் துயரமன்று என்ற கருத்தை ஹார்டியும் பின்னாளில் வெளியிட்டார். அவ்வாண்டுகளில் இராமாநுஜன் கண்டவற்றுட் பல ஐரோப்பாவில் முன்னரே கண்டு அச்சிடப்பட்டவை. கடற்பிரயாணத்திற்கு இசைய அவர் ஓராண்டே தாமதித்தார்; தம்மை அறியவல்ல ஒருவர்க்குக் கடிதம் எழுதவோ பல ஆண்டுகள் ஆயின. அதற்கு அவரைப் பழித்துப் பயனில்லை. கும்பகோணத்து ஜவுளிக்கடைக் கணக்கர் மகனுக்கு ஹார்டி என்றொருவர் இருக்கிறார் என்று யார் சொல்லியிருப்பார்? இன்றும் எம் பக்கத்து மாணவர் பலர் கடைசி நாள் கழிந்தபின்பே உபகாரச் சம்பளம் ஒன்று இருந்ததை அறிகின்றனர். அக்டோபரிற் சேர்வதற்கு முந்திய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் பலர்க்குப் புதுச் செய்தியாகவே இருக்கிறது.

திரும்பி வருமுன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தியா திரும்பியபின் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தருவதாகச் சென்னைச் சர்வகலாசாலை தெரிவித்தது. மருத்துவ விடுதியிற் கிடந்த இராமாநுஜன் 1919 ஜனவரியில் விடையெழுதினார். அது தமக்கு வேண்டியதினும் மிகுதியென்றும், தம் பெற்றோர்க்கு 50 பவுன் கொடுத்துத் தம் செலவு போக எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் திக்கற்ற பிள்ளைகட்கும் பள்ளிச் சம்பளம், புத்தகம் முதலியவற்றிற்குச் செலவிடலாமென்றும் அதிற் கேட்டுக்கொண்டார்.

இறுதி ஆண்டில் நோய்ப்படுக்கையிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. மாக் தீட்டா சார்புகள் என்னும் புதுவகைச் சார்புகளைப் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதியதே அவருடைய கடைசிக் கடிதம். அவர் மறைந்தபின் அவ்வாண்டின் தாள்கள் 1923 இல் சென்னையிலிருந்து ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. அவர் சென்ற வழியே அவையும் கடல் கடந்தன. பின்னர் வாட்ஸன் என்னும் கணித அறிஞரிடம் சென்று, அவர் மறைவுக்குப்பின் டிரினிடி கல்லூரிப் புத்தகசாலையை அடைந்து, எவரும் தேடாமற் கிடந்தன. 1976 இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு பெட்டியைத் திறந்தபொழுது, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் இராமாநுஜனது கையெழுத்தைக் கண்டார். அப்பக்கங்களிலுள்ள ஆயிரக்கணக்கான வரிகளில் வழக்கம்போல் நிரூபணம் ஏறக்குறைய இல்லை. ஜானகி அம்மாள் அப்பொழுது சென்னையில் உயிரோடிருந்தார்.